மணம் போன பின் எஞ்சியது

டில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ குடியேறிய தமிழர் வீட்டைக் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகை தேவையில்லை. வெயில் விழும் மூலையில் இரண்டு தொட்டிகள் இருக்கும். ஒன்றில் துளசி, மற்றொன்றில் கற்பூரவல்லி. துளசி எந்த ஊரிலும் கிடைக்கும். கற்பூரவல்லியோ, பெரும்பாலும் ஈரத் துணி சுற்றி ஊரிலிருந்து ரயிலேறி வந்த ஒரு குச்சியின் வம்சமாகவே இருக்கும். நம் வீட்டுச் செடியும் திருச்சியிலிருந்து அவ்வாறு வந்ததுதான். அடுக்களையில் அன்றாடம் புழங்கும் புதினாக் கட்டையும் இவற்றோடு சேர்த்துக்கொண்டால், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று உறவினர் நம் கூரையின்கீழ் வாழ்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

உறவு எதனால் தெரிகிறது? புதினாவின் தண்டை இரு விரலிடையே உருட்டிப் பாருங்கள், அது உருளாது. வட்டமாக இல்லாமல் நான்கு பட்டையாக இருக்கும். துளசியின் இளந்தண்டும் அப்படியே. கற்பூரவல்லியில் சதைப்பற்று மிகுதியாகையால் பட்டை சற்று மழுங்கியிருக்கும், அவ்வளவே. இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாய் அமையும். பூ, மேலுதடு கீழுதடு என்று பிளந்த சிறு வாய் போலிருக்கும். இவ்வுதடுகளைக் கண்டே பிரெஞ்சுத் தாவர நூலார் ழுஸ்ஸியூ 1789இல் இக்குடும்பத்துக்கு 'லேபியாட்டே' என்று பெயரிட்டார். லத்தீனில் உதட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இக்காலத்தில் லாமியேசி என்று வழங்குகிறது. ஏறத்தாழ 7,000 இனங்கள் இதில் அடங்கும். தும்பை, திருநீற்றுப்பச்சிலை, பேய்மருட்டி, சிறுகிழங்கு யாவும் இதன் கிளைகளே. வேறொரு குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த நொச்சியையும் தேக்கையும்கூட அண்மைக் காலத் தாவர நூலார் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டனர். தேக்கு மரத்துக்குத் துளசிச்செடி பங்காளி என்றால் முதலில் நம்பக் கடினமாகத்தான் இருக்கும்.

இக்குடும்பத்தின் வரலாற்றை நாம் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு சொல்லே காரணம். மருந்துச் செடிகளைப் பற்றிய ஒரு கண்காட்சிக்கு விளக்கப் பலகைகள் எழுதினார்கள். ஆங்கிலப் பலகைகளைத் தமிழாக்கும் பணி நம்மிடம் வந்தது. துளசிக்குரிய பலகையில் அச்செடி 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' நிறைந்தது என்றிருந்தது. புதினாப் பலகையிலும் அதே வாக்கியம், கற்பூரவல்லிக்கும் அதுவே. ஆக்ஸிஜன் பிராணவாயு எனில், சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பிராணவாயுவுக்குப் பகையானது' என்று ஆகிவிடும். அதைப் படிப்பவர் துளசித் தொட்டியைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுவார். 'ஆக்ஸிஜனேற்றத் தடுப்பி' என்பது பாடநூலுக்குப் பொருந்தும். பலகையின் முன் அரை நிமிடம் நிற்கும் ஒருவருக்கு அது எதைச் சொல்லும்? எது எதைத் தடுக்கிறது, இலையில் எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்பதை அறியாமல் தமிழில் ஒரு வரியும் எழுத இயலாது என்று தோன்றிற்று. நாம் கலைப் பட்டதாரி. இரசாயனம் நம் பாடமன்று. ஆயினும் வரலாறு படித்தவனுக்கு ஒரு வழி உண்டு. பொருள் விளங்காதபோது, அது எப்போது, யாரால், எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று கேட்கலாம். அவ்வாறு கேட்டபோது, இக்குடும்பத்துக்கு ஒன்றல்ல, இரண்டு வரலாறுகள் உண்டென்று தெரியவந்தது. ஒன்று மணத்தின் வரலாறு. மற்றொன்று மணமில்லாத ஒன்றின் வரலாறு.

மணத்தின் வரலாறே மூத்தது. அதற்குக் காரணம் மிக எளியது. துளசி இலையின் மேற்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சுரப்பிகள் உள்ளன. நாம் கசக்கும்போது அவை உடைந்து எண்ணெய் வெளிப்படுகிறது, அதுவே மணம். இலையைப் பானையிலிட்டு நீராவி செலுத்தினால், இருநூறு பாகைக்கு மேல் கொதிக்கக்கூடிய இவ்வெண்ணெய்கள் அதற்கு வெகுமுன்னரே நீராவியோடு சேர்ந்து கிளம்பிவிடும். ஆவியைக் குளிரவைத்தால் நீரின்மேல் எண்ணெய் மிதக்கும், கரண்டியால் அள்ளிக்கொள்ளலாம். அத்தர் வடிப்பவரும் வைத்தியரும் கையாண்ட இவ்வாலை முறை, இரசாயனம் ஒரு விஞ்ஞானமாக வளர்வதற்கு முன்பே மணத்தை மனிதன் கையில் கொடுத்துவிட்டது. எளிதில் பிரிந்து வந்ததைத்தான் முதலில் ஆராய்ந்தார்கள்.

1719இல் ஜெர்மானியரான காஸ்பர் நாய்மான், தைம் என்னும் செடியின் எண்ணெயிலிருந்து ஒரு வெள்ளைப் படிகத்தைப் பிரித்தார். தைமும் நம் துளசிக் குடும்பத்ததே. 1853இல் பிரெஞ்சு நாட்டு லாலமான் அதற்குத் தைமால் என்று பெயர் சூட்டினார். 1771இல் ஹாலந்து நாட்டு மருத்துவர் கௌபியஸ் மிளகுப்புதினா எண்ணெயில் தோன்றும் படிகத்தை விவரித்தார். 1861இல் ஓப்பன்ஹைம் அதற்கு மென்தால் என்று பெயர் வைத்தார். தைமால் கிருமிகளைக் கொல்லும், கொக்கிப்புழுவை வெளியேற்றும். மென்தால் குளிர்ச்சி தரும். மருந்துக்கடைக்காரருக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

இவ்விடத்தில் நம் ஓமம் உள்ளே நுழைகிறது. ஓமம் இக்குடும்பத்ததன்று, அது கொத்தமல்லி, சீரகத்தின் சுற்றம். ஆனால் அதன் எண்ணெயில் தைமால் ஏராளம். கற்பூரவல்லி இலையைக் கசக்கினால் ஓமவாசனை அடிப்பதற்கும் இதுவே காரணம். அவ்விலையில் தைமாலும், அதன் இரட்டைப் பிறவி போன்ற கார்வக்ராலும் இருக்கின்றன. வடநாட்டார் இச்செடியை அஜ்வைன் பத்தா, அதாவது ஓம இலை, என்றழைப்பதைக் கேட்டு, செடியை மாற்றிச் சொல்கிறார்கள் என்று நாம் பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். மூக்கின் கணக்கில் அவர்கள் சொன்னது சரியே. முதல் உலகப் போருக்கு முன்பு இந்திய ஓமம் மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குக் கப்பலேறிற்று. அங்கே தைமாலாக மாறி, உலகெங்கும் விலைபோயிற்று. 1914இல் போர் மூண்டு அவ்வழி அடைபட்ட பின்னர்தான், விதை விளையும் நாட்டிலேயே தைமால் எடுக்கலாமே என்ற எண்ணம் ஆட்சியாளருக்கு உறைத்தது.

மென்தாலின் கதையோ இன்னும் நெடியது. மென்தால் மிகுந்த ஒருவகைப் புதினாவை ஜப்பானியர் பயிரிட்டு வந்தனர். ஹொக்கைடோத் தீவிலுள்ள கிட்டாமி வட்டாரம் மட்டும், 1930களின் இறுதியில், உலக உற்பத்தியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தந்ததாகக் கணக்கு. இரண்டாம் உலகப் போரில் அவ்வாணிகம் முறிந்தது. ஜப்பானியர் குடியேறிய பிரேசில் நாடு அவ்விடத்தைப் பிடித்தது. இந்தியாவோ தலைவலித் தைலத்துக்கு வேண்டிய மென்தாலை அயல்நாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. 1950களில் ஜப்பானியப் புதினாவின் வேர்த்தண்டுகள் ஜம்மு ஆய்வகத்துக்கு வந்துசேர்ந்தன. 1959இல் மருந்துச் செடிகளுக்கென ஒரு மத்திய நிறுவனம் தோன்றிற்று. இன்று லக்னோவில் இயங்கும் மருந்து, மணப் பயிர்களுக்கான மத்திய ஆய்வு நிலையம் அதன் தொடர்ச்சியே. அது வளர்த்து வெளியிட்ட புதினா வகைகள் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி முதலிய மாவட்டங்களில் பரவின. குளிர்காலத்தின் கடைசியில் நட்டு, மழைக்கு முன் மே, ஜூன் மாதங்களில் அறுக்கும் பயிர் இது. கோதுமைக்கும் நெல்லுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிலம் சும்மா கிடப்பதற்குப் பதிலாகக் கைக்குக் காசு வருகிறது. இன்று உலகின் இயற்கை மென்தாலில் மிகப் பெரும்பங்கு இந்தியாவினுடையது. லக்னோ வழியாகக் கோடையில் ரயிலில் செல்லும் நம்மவர், ஊரோரத்து ஆலைக்கலங்களின் மணத்தைச் சன்னல் வழியே நுகர்ந்திருக்கக்கூடும்.

மென்தால் உண்மையில் எதையும் குளிர்விப்பதில்லை என்பது வேறொரு சுவையான செய்தி. குளிர்ச்சியை உணரும் நரம்பிலுள்ள ஒரு வாயிலை அது திறந்துவிடுகிறது. மூளை குளிர் என்று ஏமாறுகிறது. இவ்வாயிலை 2002இல் டேவிட் ஜூலியஸ் குழுவினரும் ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவினரும் தனித்தனியே கண்டனர். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் வாயில்களை ஆராய்ந்ததற்காக இவ்விருவருக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் அடுக்களைப் புதினாவில் மணப்பது மென்தாலன்று, கார்வோன். இதே கார்வோன், கண்ணாடியில் தோன்றும் உருவம்போல் இடவலம் மாறி அமைந்தால், சதகுப்பையின் வாசனையாகிவிடும். துளசியில் மணப்பது பெரும்பாலும் யூஜெனால், அதாவது கிராம்பின் மணப்பொருள். துளசித் தீர்த்தத்தில் கிராம்பின் சாயலைச் சிலர் உணர்வது வெறுங்கற்பனையன்று.

மணத்தின் வரலாறு இவ்வளவில் நிற்க, மற்றைய வரலாற்றுக்கு வருவோம். இது மருத்துவரிடத்தில் தொடங்கவில்லை, போர்க்களத்தில் தொடங்கியது. வாணலியில் எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்கும் புகை எழுகிறதல்லவா? அதிலுள்ள காரப்பொருளுக்கு அக்ரோலின் என்று பெயர். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர் அதை நச்சுப்புகையாகப் பயன்படுத்த முனைந்தனர். ஆனால் சேமித்து வைத்தால் அது பிசினாகி உறைந்து கெட்டுவிட்டது. ஷார்ல் மூரூ, ஷார்ல் துஃப்ரேஸ் என்னும் இருவர் இச்சிக்கலை ஆராய்ந்தபோது, பீனால் என்னும் இனத்தைச் சேர்ந்த பொருள்களில் ஒரு துளி சேர்த்தாலே அக்ரோலின் கெடாமல் நிற்பதைக் கண்டனர். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பொருளைத் தாக்குவதை அத்துளி தடுத்தது. அத்தகைய பொருள்களுக்கு 'ஆக்ஸிஜன் எதிரி' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரை அவர்கள் 1922இல் வழங்கினர். நம்மை மருளச் செய்த சொல்லின் மூதாதை இதுவே. கொல்வதற்கான புகையைக் கெடாமல் வைத்திருக்கப் பிறந்த ஒரு சொல், நூறாண்டு கழித்துத் துளசித் தொட்டியின்மேல் வந்து அமர்ந்திருக்கிறது!

கெடுதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை நெய்யைக் கொண்டு விளக்கலாம். நெய் நாட்பட்டுக் காறிப்போவது ஆக்ஸிஜனால். ஒரு கொழுப்பு மூலக்கூறு ஆக்ஸிஜனால் தாக்கப்பட்டுச் சமநிலை இழந்தால், அது பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பறிக்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும். பந்தியில் ஒருவர் இலையைத் தள்ளினால் கடைசி இலைவரை நகர்வது போன்ற தொடர் இது. பீனால் வகைப் பொருள் நடுவில் இருந்தால், தன்னிடமுள்ள ஹைட்ரஜனைத் தானே ஈந்துவிட்டு அமைதியாக நிற்கும். அடுத்தவரிடம் பறிக்கப் போகாது. தொடர் அங்கே அறுந்துவிடுகிறது. வெண்ணெய் காய்ச்சும்போது முருங்கையிலையோ வெற்றிலையோ கறிவேப்பிலையோ போட்டு இறக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மணத்துக்கென்றே அதைச் சொல்வார்கள். இவ்விலைகளிலும் பீனால் வகைப் பொருள்கள் இருக்கின்றன. இலை போட்ட நெய் சீக்கிரம் காறாது என்று சொன்ன பாட்டிமாரின் அனுபவத்தில் இரசாயனம் இருந்திருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் பாட்டிமார் அல்லர். இறைச்சித் தொழிலோடு தொடர்புடைய ஆய்வாளர். மின்னசோட்டாவிலுள்ள ஹார்மல் ஆய்வு நிலையத்தில் சிப்பால்ட் என்பவரும் அவர்தம் தோழரும் 32 மசாலைப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பன்றிக் கொழுப்பில் கலந்து, எது நெடுநாள் காறாமல் காக்கிறது என்று சோதித்தனர். முடிவுகள் 1952இல் வெளிவந்தன. முன்னணியில் நின்றவை ரோஸ்மரியும் சேஜும். இரண்டும் துளசிக் குடும்பம். ரோஸ்மரி நம் நீலகிரியிலும் பயிராகிறது.

எந்தப் பொருள் இதைச் செய்தது? விடை தேடியவர்கள் மணத்தைவிட்டு வெளியே வர வேண்டியிருந்தது. இக்குடும்பத்து இலைகளில் ஒரு துவர்ப்புப் பொருள் உண்டென்று ஜெர்மானிய மருந்தியலார் முன்பே அறிந்திருந்தனர்; அதற்கு 'லேபியாட்டேத் துவர்ப்பு' என்று ஒரு பொதுப்பெயரும் இட்டிருந்தனர். அது இன்னதென்று தெளிந்தது 1958இல். ஸ்கார்பாட்டி, ஒரியென்டே என்ற இத்தாலிய ஆய்வாளர் இருவர் ரோஸ்மரியிலிருந்து அதைப் பிரித்து, அமைப்பைக் கண்டு, ரோஸ்மரினிக் அமிலம் என்று பெயரிட்டனர். இரண்டு கரிவளையங்கள், ஒவ்வொன்றின் மேலும் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்ஸில் கைகள். ஈயக்கூடிய ஹைட்ரஜன் நான்கு. இவ்வமிலத்துக்கு மணமில்லை, நீராவியோடு கிளம்பி வருவதும் இல்லை. ஆலைக்கலத்தின் அடியில், வெந்த நீரிலும் சக்கையிலும் தங்கிவிடும். நூற்றாண்டுக் கணக்கில் மணத்தை எடுத்துக்கொண்டு மனிதன் கீழே கொட்டியது இதைத்தான்.

பெயர் ரோஸ்மரியினுடையதாயினும் பொருள் அதற்கு மட்டும் உரியதன்று. எல்லிஸ், டவர்ஸ் ஆகிய இருவர், இலை இதை எவ்வாறு உண்டாக்குகிறது என்பதை 1970இல் ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட செடி புதினாவே. துளசியிலும் இது இருக்கிறது, கற்பூரவல்லியிலும் இருக்கிறது. ஆனால் தும்பை சேர்ந்த உட்பிரிவில் பொதுவாகக் காணப்படுவதில்லை. உதடு ஒன்றாயிருந்தும் உள்ளே உள்ளது ஒன்றாயில்லை. ஆகவே, 'இக்குடும்பத்துச் செடிகள் யாவும்' என்று தொடங்கும் வாக்கியத்தைக் கண்டால் நாம் இப்போதெல்லாம் பேனாவைச் சற்றே நிறுத்துகிறோம்.

கொழுப்பில் கரையும் கார்னோசிக் அமிலம் என்பது இன்னொன்று. ரோஸ்மரியிலும் சேஜிலும் அது மிகுதி. பன்றிக் கொழுப்புச் சோதனையில் அவை முந்தியதற்கு முதற்காரணம் அதுவே. இவ்விலைச் சாற்றை உணவில் சேர்த்துக் கெடாமல் காக்கலாம் என்று கண்டபின், தொழிலதிபருக்கு ஒரு தடை எதிர்ப்பட்டது. அத்தடை மணம்! உருளைக்கிழங்கு வறுவலில் ரோஸ்மரி வாசனை வீசினால் யார் வாங்குவார்? அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துச் சாங் என்பவரும் துணைவரும் 1977இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் பெரும்பகுதி, மணத்தையும் சுவையையும் நீக்கிவிட்டு ஆற்றலை மட்டும் எடுப்பது எப்படி என்பதே. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் ரோஸ்மரிச் சாற்றை உணவுக் காப்புப் பொருளாக ஏற்று 392 என்ற எண்ணை அளித்தது. முன்னாளில் மணத்தை எடுத்துக்கொண்டு இலையை எறிந்தார்கள். இந்நாளில் மணத்தை எறிந்துவிட்டு இலையை எடுத்துக்கொள்கிறார்கள்.

மணப்பொருள்களுக்கு அவ்வாற்றல் அறவே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. தைமால், கார்வக்ரால், யூஜெனால் மூன்றும் பீனால்களே. அவையும் ஹைட்ரஜனை ஈயும். ஆனால் மென்தாலுக்கு அத்தன்மை இல்லை. தைமாலில் பத்துக் கரியணுவும் பதினான்கு ஹைட்ரஜனும் ஓர் ஆக்ஸிஜனும் உள்ளன. அதோடு ஆறு ஹைட்ரஜன் சேர்த்தால் மென்தால். ஆலைகளில் செயற்கை மென்தாலை இவ்வழியே உண்டாக்குவதும் உண்டு. சேர்த்ததும் வளையத்தின் தன்மை மாறுகிறது. ஈயும் குணம் போய்விடுகிறது. கொடுப்பதற்கு ஹைட்ரஜன் கூடியிருந்தும் கொடுக்கும் மனம் இல்லை! ஆகவே மென்தால் தைலத்தின் குப்பியில் செடியின் படத்தைப் போட்டு, கண்காட்சிப் பலகையின் வாக்கியத்தை அதன்கீழ் எழுதினால், அது மென்தாலுக்குப் பொருந்தாது.

இதுவரை நாம் கண்டது குடுவையிலும் கொழுப்பிலும் நிகழ்வது. பலகை சொல்ல விரும்பியதோ உடலைப் பற்றி. இங்கேதான் மொழிபெயர்ப்பாளன் கை நடுங்க வேண்டும். 1956இல் அமெரிக்கரான டென்ஹாம் ஹார்மன், மூப்புக்குக் காரணம் உடலுக்குள் நிகழும் இத்தகைய பறிப்புத் தொடர்களே என்ற கொள்கையை வெளியிட்டார். அப்படியாயின் தொடரை அறுக்கும் பொருளை உண்டால் நோயும் மூப்பும் விலகுமல்லவா என்ற நம்பிக்கை வளர்ந்தது. நியாயமான நம்பிக்கைதான். ஆனால் சோதித்துப் பார்த்தபோது விடை வேறாக வந்தது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளருக்கு இவ்வகைப் பொருள்களான பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஈயையும் ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்தனர். 1994இல் முடிவு வெளிவந்தபோது, பீட்டா கரோட்டின் உண்டவரிடையே நுரையீரல் புற்று 18 விழுக்காடு மிகுந்திருந்தது. அது துளசிக் குடும்பத்துப் பொருளன்று. எனினும் குடுவையில் நல்லது உடலிலும் நல்லதே என்ற எண்ணத்துக்கு அது முதற்பேரடி. எந்த உணவுக்கு எவ்வளவு இவ்வாற்றல் என்று எண் கொடுத்துவந்த பட்டியலை அமெரிக்க வேளாண்துறையே 2012இல் விலக்கிக்கொண்டது. அவ்வெண்கள் உடலில் நிகழ்வதைக் காட்டவில்லை, விளம்பரத்துக்கே பயன்பட்டன என்பதே காரணம். ரோஸ்மரினிக் அமிலத்தையே எடுத்துக்கொண்டாலும், நாம் குடித்ததில் சிறுபகுதியே அப்படியே இரத்தத்தில் சேர்கிறது. பெரும்பகுதியைக் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் உடைத்து வேறு பொருள்களாக்கிவிடுகின்றன.

இதை எழுதுவதில் நமக்குச் சொந்த அக்கறையும் உண்டு. நம்முடன் வாழும் அத்தைக்கு இரத்தசோகை என்று கண்டு, மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார். மாத்திரையோடு டீயும் காபியும் கூடாது என்றும் சொல்லியிருந்தார். அத்தை இரண்டையும் விட்டார். அவற்றுக்குப் பதிலாகப் புதினாவும் துளசியும் இட்ட கஷாயத்தால் மாத்திரையை விழுங்கிவந்தார். மூலிகை, அதிலும் பலகை போட்டுப் புகழப்படும் மூலிகை, என்ன கெடுதல் செய்துவிடும்? மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது இரத்தம் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. மருத்துவர் உணவு, மருந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்து கடைசியில் கஷாயத்தில் நின்றார். 1999இல் ஹரல், ரெட்டி, குக் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வொன்றைப் பிற்பாடு நாம் தேடிப் படித்தோம். ரொட்டி உணவோடு மிளகுப்புதினாக் கஷாயம் அருந்தியவருக்கு, அவ்வுணவிலிருந்து இரும்பு உடலில் சேர்வது 84 விழுக்காடு குறைந்ததாம். கடுந்தேநீருக்கு அவர்கள் கண்ட அளவு 79 முதல் 94 வரை. கஷாயம் டீக்குச் சளைத்ததன்று! காரணமும் நாம் முன்பே கண்ட அதே இரட்டைக் கைகள். அடுத்தடுத்து அமைந்த ஹைட்ராக்ஸில் கைகள் ஹைட்ரஜனை ஈவதில் வல்லவை. இரும்பைக் கண்டால் இறுகப் பற்றுவதிலும் வல்லவை. பற்றப்பட்ட இரும்பு குடலைத் தாண்டி உள்ளே செல்வதில்லை. நல்ல குணம் ஓரிடத்திலும் தீய குணம் வேறோரிடத்திலுமாக இல்லை. இரண்டும் ஒரே கையின் செயல்.

அத்தையின் இரத்தம் ஏறாததற்கு அது ஒன்றே காரணம் என்று மருத்துவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அவர் சொன்னது, மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது போகட்டும் என்பதே. அத்தைக்கு அதில் மனக்குறைதான். வயதுக்கும் அனுபவத்துக்கும் உரிய மரியாதை துளசிக்குக் கிடைக்கவில்லை என்று அவர் எண்ணுகிறார். துளசியை யாரும் விலக்கவில்லை, நேரத்தைத்தான் மாற்றச் சொன்னார்கள் என்று நாம் விளக்கினோம். இருமலுக்குக் கற்பூரவல்லிச் சாறு கொடுப்பதையும், பூசைக்குத் துளசி பறிப்பதையும் எந்த ஆய்வும் கேள்வி கேட்கவில்லை. அவற்றின் வரலாறு ஆலைக்கலத்தினும் பழையது.

பலகைக்கு மீண்டும் வருவோம். 'இவ்விலையிலுள்ள சில பொருள்கள் எண்ணெயும் கொழுப்பும் காற்றுப்பட்டுக் காறாமல் காக்கும்' என்று துளசிக்கும் புதினாவுக்கும் எழுதி அனுப்பினோம். சொல் நீளம், கவர்ச்சி போதாது என்று திரும்பி வந்தது. 'இளமை காக்கும்' என்று போடலாமே என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பும் இருந்தது. மூல வாக்கியத்தில் இளமை என்ற சொல்லே இல்லை என்பதைச் சுட்டி, முதல் தமிழாக்கத்தையே மறுபடி அனுப்பினோம். இடமில்லையென்றால் 'காறாமல் காக்கும் இலை' என்று மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்றும் சேர்த்தோம். கண்காட்சி நடந்த நாளில் சென்று பார்த்தபோது துளசியின் பலகையில் அந்த மூன்று சொற்களே இருந்தன. அருகில் நின்ற நடுவயதுத் தமிழ் அம்மையார் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "நெய்யில போட்டா காறாதாம்" என்று தம் மகளிடம் சொல்லிக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார்.